ஐந்தாவது பித்தான்

பொன்னுவேலுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. அது பிறவிக் குணம். எட்டாம் மாதமே பிறந்துவிட்டவன், அன்றைக்குப் பிடித்த அவசரம் இன்னும் விடவில்லை என்று பழனியிலிருக்கும் அவன் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். சோறு ஆறப் பொறுக்காமல் வாயைச் சுட்டுக்கொள்வான். முடிவெட்டும் கடையில் தனக்கு முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் வளர்ந்த முடியோடே திரும்பி வந்துவிடுவான். அப்படிப்பட்டவனுக்கு வாய்த்தது பஸ் ஓட்டுகிற வேலை. வாய்த்த மகள் கண்மணி.

கண்மணிக்கு நாலரை வயது. அவளுக்கு எதிலும் அவசரம் கிடையாது.

காலை எட்டரைக்குக் கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்குக் கிளம்பும் பஸ் பொன்னுவேலுடையது. கம்பெனிக்குச் சொந்தமானதுதான், ஆனால் அவன் 'என் வண்டி' என்றுதான் சொல்வான். டிரைவர் எட்டு மணிக்கு ஷெட்டில் நிற்க வேண்டும். மனைவி விசாலாட்சிக்கு ஒரு போர்டிங் பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் சோலி. வெள்ளனே ஐந்தரைக்கே போய்விடுவாள். எனவே மகளைக் கிளப்பி, நாயுடுபுரத்தில் சண்முகசுந்தரி டீச்சர் நடத்திய சின்னப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஷெட்டுக்கு ஓடுவது பொன்னுவேலின் பாடு.

அது மாண்டிசோரி பள்ளிக்கூடம். டீச்சர் யுத்தகாலத்தில் இதே ஊரில் அந்தப் படிப்பைப் படித்தவர். ஐம்பத்தேழாம் வருஷம், இரண்டு அறையும் இருபது பிள்ளைகளுமாக ஆரம்பித்தார். விசாலாட்சி எங்கோ கேள்விப்பட்டு மகளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். பொன்னுவேலுக்கு அதில் துளியும் சம்மதமில்லை.

"இந்தக் கூஜாவிலருந்து அந்தக் கூஜாவுக்குத் தண்ணி ஊத்துதுக. அப்பறம் அந்தக் கூஜாவிலருந்து இந்தக் கூஜாவுக்கு. இதுக்கு ஒரு பள்ளிக்கூடம், அதுக்கு ஒரு டீச்சரு" என்பான். சிலேட்டு இல்லை, பிரம்பு இல்லை, அ ஆ என்று கத்துகிற சத்தம்கூட இல்லை. இருபது பிள்ளைகள் இருக்கிற அறையில் சத்தமில்லை என்றால் அங்கே என்னவோ கோளாறு என்பது அவன் கட்சி.

அதையெல்லாம்கூட அவன் பொறுத்துக்கொள்வான். பித்தானைத்தான் பொறுக்க முடியவில்லை.

விசாலாட்சி பின்னிய நீல ஸ்வெட்டரில் முன்பக்கம் ஐந்து பித்தான்கள். ஒரு பிள்ளை தானே செய்துகொள்ளக்கூடிய வேலையைப் பெரியவர்கள் செய்யக்கூடாது என்று டீச்சர் பெற்றோர் கூட்டத்தில் சொல்லியிருந்தார். அந்தக் கூட்டம் முழுக்கக் காலை ஆட்டிக்கொண்டிருந்தது தவிர பொன்னுவேல் வேறொன்றும் செய்யவில்லை. கண்மணி டீச்சர் சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். தினமும் காலையில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கீழிருந்து மேலாக, ஒவ்வொரு பித்தானாக ஓட்டைக்குள் தள்ளுவாள். அலமாரி மேல் டைம்பீஸ் ஓடும். பொன்னுவேல் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பான்.

"வெரசாப் போடு புள்ள."

"நானே போடுறேன்ப்பா."

"அப்பா போட்டுவிடுறேன், இங்க வா."

"நானே."

பொறுக்காமல் அவனே இழுத்துப் போட்டுவிட்டால், அவள் அழமாட்டாள், அடம்பிடிக்கமாட்டாள். ஐந்தையும் நிதானமாகக் கழற்றிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அதற்கு அவள் அழுதாலே தேவலை என்று அவனுக்கு இருக்கும்.

இதனால் இரண்டு மாதத்தில் இரண்டு மெமோ வாங்கிவிட்டான். தாமதமாக வந்தவன் காரணத்தைத் தன் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது மேனேஜர் திருமலைச்சாமியின் சட்டம். முதல் தடவை 'மனைவிக்குக் காய்ச்சல்' என்று எழுதினான். இரண்டாம் தடவை 'வழியில் மாடு குறுக்கே வந்தது' என்று எழுதினான். நாலரை வயசுப் பிள்ளை பித்தான் போடுகிறவரை நின்றேன் என்று ஓர் ஆம்பிளை எப்படி எழுதுவான்? மூன்றாவது மெமோ விழுந்தால் சீட்டு கிழியும் என்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

மார்கழி ஐந்தாம் தேதி. புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடந்தது. மணி ஏழே முக்கால். கண்மணி மூன்றாவது பித்தானில் இருந்தாள். பொன்னுவேல் குனிந்து, அவள் கையைத் தட்டிவிட்டு, மீதியையும் மாட்டி, பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டதும் அவள் படியில் உட்கார்ந்து ஐந்தையும் கழற்ற ஆரம்பித்தாள். அவன் திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

ஷெட்டுக்கு எட்டடிக்கப் போய்ச் சேர்ந்துவிட்டான். ஆனால் ஓடிவந்த உடம்பு நிற்கவில்லை. மலைக்குளிரில் இரவெல்லாம் நின்ற இஞ்சின் லேசில் கிளம்பாது. டீக்கடையிலிருந்து வெந்நீர் கொண்டுவந்து ரேடியேட்டரில் ஊற்றி, வண்டி கொஞ்சம் சூடு பிடித்த பிறகுதான் முன்னால் இரும்பு ஹேண்டிலைச் சொருகிச் சுற்ற வேண்டும். கிளீனர் நல்லுசாமி, ஐம்பது வயது மனிதர், வாளியோடு வெந்நீருக்குப் போயிருந்தார். வந்துவிடுவார். ஐந்து நிமிஷம்.

அந்த ஐந்து நிமிஷம் பொன்னுவேலுக்கு இல்லை. தானே ஹேண்டிலைச் சொருகினான். ஹேண்டில் சுற்றும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும், சுற்றி வளைத்து முஷ்டியாகப் பிடிக்கவே கூடாது. இஞ்சின் திருப்பி உதைத்தால் விரல் தப்பாது. வண்டி தொட்ட முதல்நாளே சொல்லிக் கொடுப்பார்கள். இத்தனை வருஷத்தில் அவனே நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அன்றைக்கு முஷ்டியாகத்தான் பிடித்தான். இரண்டாவது சுற்றில் ஹேண்டில் பின்னால் உதைத்தது.

வெந்நீர் வாளியோடு வந்த நல்லுசாமி, வலது கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த டிரைவரைப் பார்த்தார். "ஏன் தம்பி, நான் வந்துக்கிட்டுத்தான இருந்தேன்" என்றார்.

கட்டை விரலும் பக்கத்து விரலும் முறிந்திருந்தன. நாலு வாரம் மாவுக்கட்டு. மேனேஜர் திருமலைச்சாமி ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தார். நல்ல மனிதர்தான், ஆனால் கடிகாரத்தை விழுங்கியவர் மாதிரி பேசுவார். "மாசி மொதத் தேதி, காலைல எட்டு மணி. வந்து கையைக் காட்டு. வளைவுல எடது கை கியர் மாத்தும்போது ஸ்டியரிங்கைப் பிடிக்கிறது அந்த ஒரு வலது கைதான். அது சரியா இருந்தா வண்டி உனக்கு. இல்லாட்டி உனக்குப் பதிலா ஓட்டப்போற திண்டுக்கல் ஆளையே வச்சுக்கிருவேன். அப்பறம் ரெண்டு மெமோ கெடக்கு, ஞாபகம் வச்சுக்க" என்றார்.

வீட்டில் இருக்க வைத்தால் பொன்னுவேல் என்ன ஆவான்? முதல் வாரம் கூரைத் தகரத்தில் ஆணிகளை எண்ணினான். எட்டரைக்கு வேறொருவன் ஓட்டும் தன் வண்டியின் ஹாரன் கீழே கேட்கும்போது எழுந்து வாசலுக்கு வருவான். மறுபடி உள்ளே போவான். விசாலாட்சி சாயங்காலம் வந்ததும், "ஏங்க, தரை தேஞ்சு போகப்போகுது, செத்த உக்காருங்க" என்பாள்.

இரண்டாம் வாரத்தில் ஒருநாள், மகளை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பப் பிடிக்காமல் பள்ளிக்கூட ஜன்னலோரம் நின்றான். சண்முகசுந்தரி டீச்சர் வெளியே வந்தார். முடியில் பாதி நரைத்த, மெதுவாகப் பேசுகிற அம்மாள்.

"உள்ள வந்து உக்காருங்க, கண்மணி அப்பா. ஆனா பேசக் கூடாது. எந்தப் பிள்ளைக்கும் உதவியும் செய்யக் கூடாது."

பிள்ளைகள் உட்காரும் நாற்காலி ஒன்றைக் கொடுத்தார். முழங்கால் முகவாயை இடித்தது. சற்று நேரத்தில் ஒரு சின்னப் பெண் அவன் முன் வந்து நின்று, "ஒங்க கால் ஆடுது" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனாள். அவன் காலைக் கையால் பிடித்துக்கொண்டான்.

ஒரு பையன் தண்ணீரைச் சிந்தினான். பொன்னுவேல் பதறி எழுந்தான். டீச்சரின் கண் அவனை உட்கார வைத்தது. பையன் யாரையும் பார்க்கவில்லை. மூலையில் தொங்கிய துணியை எடுத்துவந்து துடைத்து, பிழிந்து, காயப்போட்டுவிட்டுத் தன் வேலைக்குப் போனான். வீட்டில் இதே பொழுதில் ஒரு அதட்டலும் ஒரு அழுகையும் முடிந்திருக்கும்.

கண்மணி பாயில் ஒரு நீள மரக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதில் பத்துக் குழிகள்; பத்துக் குழிக்கும் பத்து உருளைகள், ஒன்றைவிட ஒன்று தடிமன். தலையில் சின்னக் குமிழ். குமிழை மூன்று விரலால் பிடித்து எடுத்து அதனதன் குழியில் இறக்க வேண்டும். ஒன்று மாறினாலும் கடைசி உருளை சேராது. கண்மணிக்குக் கடைசி உருளை சேரவில்லை. எது தப்பு என்று பொன்னுவேலுக்கு அங்கிருந்தே தெரிந்தது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினான். அவள் எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். மறுபடி ஆரம்பித்தாள். சரியாக முடித்த பிறகும் விடவில்லை, மறுபடி எடுத்தாள். அவன் எண்ணினான். பதினொரு தடவை. பக்கத்தில் ஒரு பிள்ளை தட்டைக் கீழே போட்டது. அவள் தலை திரும்பவில்லை.

"கண்டிக்கிறதும் அந்தக் கட்டைதான், சொல்லிக் கொடுக்கிறதும் அந்தக் கட்டைதான். நாங்க நடுவுல போறதில்ல" என்று டீச்சர் அவன் காதருகே சொன்னார். "அந்த மூணு விரலைப் பாருங்க. நாளைக்குப் பேனா பிடிக்கப் போற விரலு. இப்பவே பழகுது."

பொன்னுவேலுக்குப் பெற்ற மகள்மேல் பொறாமை வந்தது. முப்பத்திரண்டு வயதில் ஒரு காரியத்தோடு அப்படி ஒரு கால்மணி நேரம்கூட அவன் உட்கார்ந்ததில்லை.

தை நாலில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் விறகுக் குச்சியாக நின்றன. பழக்கப் பழக்கத்தான் மடங்கும் என்றார் டாக்டர். பொன்னுவேல் ஒரே நாளில் மடக்கப் பார்த்தான். வெந்நீரில் முக்கினான், எண்ணெய் போட்டு இழுத்தான், துணிப் பந்தைப் பிசைந்தான். இரவில் வீங்கியது. பந்தைச் சுவரில் எறிந்தான். காக்கிச் சட்டை போடாமல் தெருவில் இறங்க மாட்டான். விசாலாட்சி ஐந்தரைக்குக் கிளம்புமுன் அவனை எழுப்பி நிற்க வைத்துப் பித்தான் மாட்டிவிட்டுப் போவாள். சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தொங்கவிட்டு நிற்பது அவனுக்கு உயிர் போகிற வெட்கம்.

ஒருநாள் அவளுக்கு நேரமாகிவிட்டது, போட்டுவிடாமல் போய்விட்டாள். பொன்னுவேல் தனியாக மல்லாடினான். பித்தான் வழுக்கியது, விரல் ஓட்டையைக் கண்டுபிடிக்கவில்லை. கடைசியில் மகளைக் கூப்பிட்டான்.

"கண்ணு, அப்பாவுக்கு இதை மாட்டிவிடு."

கண்மணி வந்தாள். அவனைத் தரையில் உட்காரச் சொன்னாள். கீழ்ப் பித்தானை ஒரு கையால் பிடித்தாள். ஓட்டையை மறு கையால் விரித்தாள். ரொம்ப மெதுவாக, ஒரு வார்த்தை பேசாமல், பித்தானைச் சாய்த்து, பாதி நுழைத்து, அந்தப் பக்கம் பிடித்து இழுத்தாள். மாட்டியாகிவிட்டது. அவன் அடுத்ததற்கு நெஞ்சை நிமிர்த்தினான். அவள் மாட்டியதைக் கழற்றினாள். கழற்றிவிட்டு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன புள்ள இது? போடு."

"நீங்களே போடுங்கப்பா. நான் இங்கதான் இருக்கேன்."

அவனுக்குக் கோபம் தலைக்கேறியது. கை விளங்காதவனை வைத்து விளையாட்டுக் காட்டுகிறாயா என்று கத்தினான். அவள் அசையவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவளுக்கு எப்படிக் காட்டினாரோ அப்படியே அவனுக்குக் காட்டியிருந்தாள். கேலி கிடையாது. இப்படித்தான் ஒருவர் இன்னொருவருக்கு உதவ வேண்டும் என்று அவள் நம்பியிருந்தாள், அவ்வளவுதான்.

பொன்னுவேல் பித்தானைப் பிடித்தான். விட்டான். பிடித்தான். வியர்த்தது. டைம்பீஸ் ஓடிக்கொண்டிருந்தது. இடையில் ஒருதரம் நிமிர்ந்து பார்த்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிஷம். ஒரே ஒரு பித்தான் உள்ளே போனது. அந்த நாற்பது நிமிஷத்தில் அவள் ஒரு தடவைகூட வெரசா என்று சொல்லவில்லை. பொன்னுவேலின் கண் நிறைந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, மீதிப் பித்தான்களைத் திறந்தே விட்டு, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு மகளைக் கூட்டிப் போனான்.

அன்றைக்குப் போனவன் டீச்சரிடம், பிள்ளைகள் போட்டுப் பழக மரச்சட்டத்தில் துணி அடித்துப் பித்தான் தைத்திருக்கிறதே, அதைக் கொஞ்சம் தரச்சொல்லிக் கேட்டான்.

"தாராளமா. ஆனா எந்தப் பிள்ளையாவது எடுத்திருந்தா, அது திருப்பி வைக்கிற வரைக்கும் காத்திருக்கணும்."

காத்திருந்தான். முடிவெட்டும் கடையில் காத்திருக்காதவன், மூன்றரை வயசுப் பையன் ஒருவன் சட்டத்தைத் திருப்பி வைக்கும்வரை காத்திருந்தான். பட்டர் பீன்ஸ் விதைகளை ஒவ்வொன்றாகக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து எடுத்துக் கிண்ணத்தில் போட்டான். பென்சிலைப் பிடித்துக் கோடு போட்டுப் பார்த்தான். தை முடியும்போது அந்த இரண்டு விரலும் நுனியில் தொட்டுக்கொண்டன.

மாசி முதல் தேதி விடிந்தது. விசாலாட்சி கிளம்பும்போது, "நல்லபடியா முடியும், பதறாம போயிட்டு வாங்க" என்று நெற்றியில் திருநீறு பூசிவிட்டுப் போனாள். பொன்னுவேல் குளித்தான். காக்கிச் சட்டையின் ஆறு பித்தானையும் தானே போட்டான். பன்னிரண்டு நிமிஷம் ஆனது. ஏழு இருபதுக்கு எல்லாம் தயார். இன்றைக்குக் கால்மணி முன்னதாகவே ஷெட்டில் நிற்கலாம் என்று கணக்குப் போட்டான்.

கண்மணி ஸ்வெட்டரை எடுத்தாள். நாலு பித்தான் மளமளவென்று ஏறியது. இப்போதெல்லாம் அவளுக்குக் கை பழகிவிட்டது. ஐந்தாவது மாட்டவில்லை. முந்தின நாள் அந்தப் பித்தான் அறுந்து தொலைந்துபோக, விசாலாட்சி வீட்டிலிருந்த வேறொன்றைத் தைத்திருந்தாள். கொஞ்சம் பெரிது. ஓட்டைக்குள் பாதி போகும், நிற்கும், வெளியே வந்துவிடும்.

மணி ஏழரை. ஏழு முப்பத்தைந்து. பொன்னுவேல் வாசலுக்குப் போய்த் திரும்பினான். மூன்றாவது மெமோ. திண்டுக்கல் ஆள் இந்நேரம் ஷெட்டில் சீட்டைத் துடைத்துக்கொண்டிருப்பான். ஏழு நாற்பது.

"கண்ணு, அந்த ஒண்ணு கெடக்கட்டும்."

"இதோப்பா."

அவன் குனிந்தான். கை நீண்டது. அந்தக் கையால் இப்போது பித்தான் மாட்டிவிட முடியும். அதற்குத்தானே இத்தனை நாள் பழகியது. விரல்கள் ஸ்வெட்டருக்கு ஒரு சாண் தள்ளி நின்றன. நாற்பது நிமிஷம் இந்தப் பிள்ளை தனக்கு எதிரே கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவள் எழுந்து போயிருந்தால் இந்தக் கை இன்றைக்கு இருந்திருக்காது. வேலை போனால் போகட்டும் என்று நினைக்கிற அளவுக்கு அவன் பெரிய ஆள் இல்லை. வேலை போய்விடுமே என்ற பயம் இருக்கத்தான் செய்தது. அந்தப் பயத்தோடே மகள் எதிரே தரையில் உட்கார்ந்தான். கையை மடியில் வைத்தான். கால் ஆடியது, பிடித்துக்கொண்டான்.

கண்மணி பித்தானை நேராகத் தள்ளிப் பார்த்தாள். படுக்கவைத்துத் தள்ளிப் பார்த்தாள். பிறகு யோசித்து, ஓட்டையின் இரண்டு ஓரத்தையும் விரலால் இழுத்து இழுத்து அகலப்படுத்தினாள். விளிம்பைச் சாய்த்து நுழைத்தாள். ஏழு ஐம்பத்தாறுக்குப் பித்தான் உள்ளே போனது.

அவள் பாராட்டை எதிர்பார்க்கவில்லை. "போலாம்ப்பா" என்று எழுந்தாள்.

ஷெட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி எட்டு இருபது. திண்டுக்கல் ஆள் வண்டியின் பக்கத்தில் நின்றான். திருமலைச்சாமி மேஜையில் மெமோ தாளைத் தயாராக வைத்திருந்தார். பொன்னுவேலின் கையைப் பார்க்கக்கூட அவர் எழவில்லை.

"இன்னிக்குமா? இன்னிக்குக்கூடவா பொன்னுவேலு?" அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகம் இருந்தது. "சரி, காரணத்தை எழுது. வெரசா. வண்டி எடுக்கணும்."

பொன்னுவேல் உட்கார்ந்தான். பேனாவை எடுத்தான். மூன்று விரல் கூடிப் பிடிக்கச் சிறிது நேரம் ஆனது. முதல் எழுத்து கோணியது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு எழுத்து. வெளியே ஜனங்கள் மூட்டையோடு நிற்கிற சத்தம் கேட்டது. திருமலைச்சாமிக்குப் பொறுக்கவில்லை, கை நீட்டிப் பேனாவைப் பிடித்தார்.

"கொண்டா, நீ சொல்லு, நான் எழுதுறேன்."

"நானே எழுதுறேங்க" என்றான் பொன்னுவேல். சத்தமாகச் சொல்லவில்லை. பேனாவை விடவும் இல்லை.

மேனேஜர் கையை எடுத்துக்கொண்டார். அவன் எழுதினான். காய்ச்சலும் இல்லை, மாடும் இல்லை. கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்து, கையெழுத்துப் போட்டு, தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினான். திருமலைச்சாமி படித்தார்.

'என் மகள் ஸ்வெட்டருக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் போட்டு முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.'

அவர் அதை இரண்டாம் முறை படித்தார். பிறகு தாளை விட்டுவிட்டு, எழுதிய விரல்களைப் பார்த்தார். சட்டையின் ஆறு பித்தானையும் பார்த்தார்.

"எத்தனை பித்தான்?"

"அஞ்சுங்க."

"நாளைலருந்து ஏழு மணிக்கே ஆரம்பிக்கச் சொல்லு" என்று தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "பெருமாள்மலை வரைக்கும் நானும் பக்கத்துல உக்காந்து வாரேன். போ, வண்டியை எடு."

பொன்னுவேல் வெளியே வந்தான். இஞ்சின் இன்னும் குளிர்ந்துதான் கிடந்தது. திண்டுக்கல் ஆள் ஹேண்டிலை எடுத்துக் கொடுத்தான். பொன்னுவேல் அதை வாங்கி மட்கார்டில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றான். டீக்கடைப் பக்கமிருந்து நல்லுசாமி வெந்நீர் வாளியோடு மெதுவாக வந்துகொண்டிருந்தார்.